மூன்றாம் வரி இல்லாத சாமி

பாம்பூஃப்ளாட்காரனுக்கு,

ஃபைலைத் திறந்ததும் அந்த வாடைதான் முதலில் வந்தது. ஈரம் குடித்துக் காய்ந்த ஜெராக்ஸ் தாள், அதற்கு மேல் பெயிண்ட், கொஞ்சம் துரு. இந்தத் தீவில் எங்கள் கராச்சர்மாப் பக்கம் பத்துப் பதினைந்து நாளாக மழை விடவில்லை. பீரோவுக்குள் அந்துருண்டை போட்டு வைத்திருந்தும் அட்டை முழுக்க வெள்ளைப் பூஞ்சை. பழைய துணியால் துடைத்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டேன். நானாக இதைத் திறந்திருக்க மாட்டேன். சுபீர் கேட்டான் என்று எடுத்தேன்.

சுபீர் இன்னும் அதே மொபைல் கடையில்தான் இருக்கிறான். வருஷத்துக்கு ஒரு தடவை திக்லிபூர் போய் அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு ஒரு மூட்டை பாக்கோடு திரும்பி வருகிறான். போன வாரம் ஃபோன் பண்ணி, "தீதி, ஃபிர் ஸே ஷுரு கரேங்கே?" என்றான். மறுபடியும் ஆரம்பிப்போமா அக்கா என்று. கடையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு நாம் மூன்று பேரும் ஆடிய பகடை ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். அதற்காக நாம் எழுதிய கெட்ட சாமிகளின் கதைகள் எல்லாம் அவர்களுக்கு வேண்டுமாம். தருகிறேன் என்றேன். அந்தக் கடைசி சாமியையுமா என்று கேட்டான். அதை மட்டும் கேட்காதே என்று ஃபோனை வைத்துவிட்டேன்.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீ படிக்கப்போவதில்லை, தெரியும். போன வருஷம் உன் பதினாறாம் நாள் சாப்பாட்டில் எல்லோரும் உன்னைத் தங்கமானவன், யார் மனசையும் நோகடிக்காதவன் என்று சொல்லிக்கொண்டே பாயசம் குடித்தார்கள். நானும் குடித்தேன். உன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று அந்தப் பந்தியில் உட்கார்ந்து சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். ஈரலில் கட்டி, உடனே சென்னைக்குப் போ என்று டாக்டர் சொன்ன பிறகு நான்கு மாதம் நீ இங்கேயே உட்கார்ந்திருந்தாய். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன பதிலைக் கேட்டுத்தான் நின்றாயா?

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவதற்கு முன்னால் நம் சாமிகளை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். ஃபைல் மடியில் இருக்கிறது, வேறு எங்கே போவது.

உன் சித்தப்பா மகன் சென்னையில் அந்த ஆட்டத்தின் விதிப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் போட்டு, கப்பலில் வந்த யாரோ ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தான். அப்போது இங்கே நெட் இருந்த லட்சணத்துக்கு ஒரு ஃபோட்டோ திறப்பதற்குள் டீ ஆறிவிடும். புத்தகத்தை இறக்குவதெல்லாம் நடக்காத காரியம். கப்பலில் எங்கேயோ தண்ணீர் பட்டு, புத்தகத்தின் நடுவில் ஒரு கத்தை ஒட்டிப்போய் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு தாளாகப் பிரித்தோம். சண்டை விதி இருந்தது, மந்திரம் இருந்தது, நல்ல சாமிகளின் பக்கங்கள் சுத்தமாக இருந்தன. கெட்ட சாமிகள் வந்த பக்கங்களில் மட்டும் மை கரைந்து நீலமாக ஓடியிருந்தது. நீ அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்ல சாமியெல்லாம் பத்திரமா வந்து எறங்கிட்டாக. கெட்டவுகதான் கடல்ல விழுந்துட்டாக. நாமளே செஞ்சுக்குவோம்" என்றாய்.

அந்த வேலை என் தலையில் விழுந்தது. அலுவலகத்தில் நாள் முழுக்க மனுக்களுக்குக் குறிப்பு எழுதுகிறவள் நான். கெடுதல் எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது என்று நீயும் சுபீரும் சேர்ந்து முடிவு பண்ணிவிட்டீர்கள். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு சாத்தம் படகுத்துறையில் ஃபெரி பிடித்து அந்தப் பக்கம் பாம்பூஃப்ளாட்டில் இறங்கினால் உங்கள் ஹார்டுவேர் கடை. மாடியில் பிவிசி குழாய்களுக்கு நடுவே மூன்று பெயிண்ட் டின்களைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு கதவுப் பலகையை மேஜையாக்கி வைத்திருந்தாய். நாலாவது ஆள் நமக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. ஒரு நாள் மேலே எட்டிப் பார்த்த உன் மாமா, சீட்டாட்டமா, செய்வினையா என்று கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனார்.

அவருக்கு என்னவென்று சொல்லியிருப்பாய்? நீ ஒரு உலகத்தைச் சொல்வாய். நானும் சுபீரும் அதில் ஆளுக்கு ஒரு மனுஷனாக இறங்குவோம். சுபீர் எப்போதும் திருடன், அதுவும் சமையலறைத் திருடன். ஒரு காரியம் நடக்குமா நடக்காதா என்று இருபது முகப் பகடை சொல்லும். ஒன்று விழுந்தால் தொலைந்தோம். இருபது விழுந்தால் எப்பேர்ப்பட்ட காரியமும் நடந்தே தீரும், அப்பீல் கிடையாது. அந்த இருபது விதியை மாற்றச் சொல்லி நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். மலையைத் தூக்குகிறேன் என்று சொல்லி இருபது போட்டால் தூக்கிவிடலாமா என்று கேட்டேன். "தூக்கட்டுமே. மனுசனுக்கு அம்புட்டாவது இருக்க வேணாமா" என்பாய்.

சாமிகளை எழுதவும் ஒரு முறை வைத்திருந்தாய். ஒரு சாமிக்கு மூன்று வரிதான். முதல் வரி, அவன் என்ன கொடுக்கிறான். இரண்டாம் வரி, பதிலுக்கு என்ன எடுக்கிறான். மூன்றாம் வரி, அவன் எப்படி விழுவான். முதலில் நான் கொண்டுவந்த சாமிகள் எல்லாம் கோரைப் பல்லும் மண்டையோடுமாக இருந்தார்கள். நீ படித்துவிட்டு, "இவனை எவன் கும்பிடுவான்?" என்று கேட்டாய். கெட்டவன் என்று தெரிந்து யாரும் கும்பிடுவதில்லை, ஏதோ ஒன்று தீர வேண்டும் என்றுதான் போய் நிற்கிறார்கள், அது என்ன என்று முதலில் எழுது என்றாய். அன்றிலிருந்து என் சாமிகள் ஒழுங்கானார்கள்.

முதல் பக்கத்தில் முத்திரையான் இருக்கிறான். மனுவில் முத்திரை குத்துகிற சாமி. கொடுப்பது, உட்கார ஒரு நாற்காலி. எடுப்பது, எதிரே நிற்கிறவனின் முகம். கும்பிடுகிறவனுக்கு அதற்கப்புறம் யார் முகமும் தெரியாது, கையில் இருக்கிற தாள் மட்டும்தான் தெரியும். வரிசையில் நிற்கிற ஒருவன் தன் இடத்தைப் பின்னால் நிற்கிறவனுக்கு விட்டுக்கொடுத்தால் முத்திரையான் விழுந்துவிடுவான். இதைப் படித்துவிட்டு சுபீர் குழாய் அடுக்கின் மேல் சாய்ந்து சிரித்ததில் பாதிக் குழாய் சரிந்து கீழே கடைவரை சத்தம் கேட்டது.

அடுத்தது வராதவன். கப்பல் வராத நாட்களின் சாமி. அலை அதிகம், சர்வீஸ் கேன்சல் என்று ஜெட்டியில் போர்டு வைத்தால் அது அவன் பூஜை நாள். அவனைக் கும்பிடுகிறவர்கள் எல்லாம் வெளியே போக ஆசைப்படுவதாகச் சொல்லிக்கொண்டே இங்கேயே இருக்க விரும்புகிறவர்கள். அவர்களுக்கு ஒரு சாக்கு கொடுப்பான், பதிலுக்கு வயசை எடுத்துக்கொள்வான். போக ஆசை இல்லை என்று ஒத்துக்கொண்டு, மூட்டையை அவிழ்த்து, வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டினால் அவன் விழுவான். இந்தச் சாமியை நீயே கேட்டு வாங்கினாய். மெயின்லேண்டில் வேலைக்கு மூன்று தடவை அழைப்பு வந்து மூன்று தடவையும் போகாமல் கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நீ. எனக்கு அது அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது பக்கம் உப்புத்தாய். இவளை எழுதிய வருஷம் எனக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். ஏழாம் மாதத்தில் குழந்தை தங்கவில்லை. வீட்டுக்காரர் மாற்றல் வாங்கிக்கொண்டு மெயின்லேண்ட் போனவர் போனவர்தான். உப்புத்தாய் யாரையும் அழுக விடமாட்டாள். செத்ததை எல்லாம் உப்பில் போட்டு அப்படியே வைத்திருப்பாள். தாய்மார்கள் தினமும் போய்ப் பார்க்கலாம். பதிலுக்கு அவர்கள் நாக்கிலிருந்து எல்லா ருசியையும் எடுத்துக்கொள்வாள். அவள் சேர்த்து வைத்த உப்பில் ஒரு சிட்டிகையை யாராவது கஞ்சியில் போட்டுக் குடித்துவிட்டால் அவள் விழுவாள். நீ இதைப் படித்துவிட்டுத் தாளை மடித்து ஃபைலில் வைத்தாய். அப்புறம், "நீ எப்படி இருக்க?" என்று கேட்டாய்.

எனக்கு எரிந்து போயிற்று. வாரம் முழுக்க அலுவலகத்தில், பஸ்ஸில், கோயிலில், எல்லா இடத்திலும் அதே கேள்விதான். இந்த மேஜையில் வீட்டுப் பேச்சு எடுக்காதே, எடுத்தால் நான் வரமாட்டேன் என்றேன். நீ ஒரு பெயிண்ட் டின் மூடியை எடுத்து, மார்க்கரால் 'வீட்டுப் பேச்சு வேண்டாம்' என்று எழுதி ஜன்னல் கம்பியில் மாட்டினாய். ஏழு வருஷம் அது அங்கேயே தொங்கியது. ஏழு வருஷத்தில் நீ ஒரு தடவைகூட அந்த விதியை மீறவில்லை. சுபீர் மீறுவான், நான்கூட இரண்டு மூன்று தடவை மீறியிருக்கிறேன். அடுத்தவன் சொன்னதற்கெல்லாம் அப்படி ஒரு ஒழுக்கம் உனக்கு. உன்னை யாராவது உதைத்துத் திருத்தியிருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வந்தபோது நீ உன் டின்னில் உட்காரவில்லை. என் இடத்தில் உட்கார்ந்திருந்தாய். "இன்னைக்கு நீ நடத்து. நான் ஆடுறேன்" என்றாய். அத்தனை வருஷத்தில் நீ உலகம் சொல்கிற இடத்தை விட்டுக்கொடுத்ததே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. சுபீர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினான், நீ எடுக்கவில்லை. உன் கண் மஞ்சளாக இருந்தது. குழாய்க்கு நடுவே அந்த டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லோரும் அப்படித்தான் தெரிவோம் என்று நினைத்துக்கொண்டேன்.

புதுசாக ஒரு சாமி வேண்டும் என்று இரண்டு நாள் முன்னாலேயே மெசேஜ் அனுப்பியிருந்தாய். பெயரையும் நீயே வைத்திருந்தாய். உள்ளிருப்பான். வெளியிலிருந்து வருகிறவன் இல்லை, பிறக்கும்போதே உள்ளே வந்து உட்கார்ந்திருப்பான், பசித்தால் எழுந்திருப்பான், அவ்வளவுதான் தெரியும், மற்றதை நீ எழுது என்று போட்டிருந்தாய். அலுவலகத்தில் ஒரு மத்தியானம் முழுக்க அதையே எழுதினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதைப்போல நான் எதையும் எழுதியதில்லை. அவன் கொடுப்பது, இனிப் பயப்பட ஒன்றும் இல்லை என்கிற நிம்மதி. எடுப்பது உடம்பு, உள்ளேயிருந்து வெளியே, அவசரமில்லாமல். மூன்றாம் வரிக்கு வந்ததும் பேனாவை மூடினேன். விழாத சாமி ஒருவனாவது இருக்கட்டும் என்று தோன்றியது. எல்லாச் சாமியையும் விழவைத்து விழவைத்து எனக்கே அலுத்துப்போயிருந்தது.

நீ ஒரு கிழட்டுத் தோணிக்காரனாக வந்தாய். குரலை மாற்றிக்கொள்ளவில்லை, கூன் போடவில்லை. வழக்கமாக ஒரு டீக்கடைக்காரனுக்குக்கூட நாலு விதமாகக் குரல் போடுகிறவன் நீ.

"தோணிக்காரருக்கு என்ன வேணும்?" என்றேன்.

"எனக்குள்ள ஒருத்தன் உக்காந்துருக்கான். அவனை எப்படி வெளிய எடுக்கறதுன்னு கேக்கணும்."

"எடுக்க முடியாது."

"கடல் தாண்டிப் போனா? அந்தப் பக்கம் பெரிய பெரிய வைத்தியருக இருக்காகளாமே."

நான் உள்ளிருப்பானின் குரலை எடுத்தேன். எனக்கு வருகிற ஒரே குரல் அதுதான், அலுவலகத்தில் கேட்டுக் கேட்டுப் பழகினது. "நீ எந்தக் கப்பல்ல ஏறினாலும், உனக்கு முன்னாடி நான் ஏறி உக்காந்திருப்பேன்" என்றேன். சுபீர் வாயைப் பிளந்துகொண்டு, "வாஹ் தீதி" என்றான். எனக்கு ரோமாஞ்சனமாக இருந்தது. இப்போது அதை எழுதவே கூசுகிறது.

"போட்டுப் பாக்குறேன்" என்று பகடையை எடுத்தாய். கையில் வைத்து ரொம்ப நேரம் உருட்டினாய். போட்டாய். அது பலகையின் ஓரம்வரை ஓடி, ஒரு ஆணித் தலையில் இடித்து நின்றது. இருபது.

சுபீர் டின்னிலிருந்து எழுந்தேவிட்டான். "பீஸ், பீஸ் ஆயா", இருபது வந்தாச்சு என்று பலகையைத் தட்டினான். நீ பகடையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். உன் முகத்தில் அப்போது என்ன இருந்தது என்று எத்தனை தடவை யோசித்திருக்கிறேன் தெரியுமா. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், இத்தனை அழகாக எழுதிய என் சாமியை ஒரு பகடை வந்து கெடுக்கப்போகிறது என்பதுதான். "இந்தச் சாமிக்கு இருபதும் செல்லாது" என்றேன்.

சுபீர் சண்டைக்கு வந்தான். ரூல் என்றால் ரூல், இருபது என்றால் இருபது என்றான். நீ அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தாய். "விடு சுபீர். இன்னைக்கு நாற்காலி மேடத்தோடது." என்னிடம் மூன்றாம் வரியைக் கேட்டாய். தாளைத் திருப்பி வெறும் இடத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாய். "நல்லா இருக்கு. நீ எழுதினதுலயே இதுதான் நல்லா இருக்கு" என்றாய். இங்கே வழக்கம்போல ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது, ஃபெரிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். வழியெல்லாம் உன் பாராட்டை வாயில் போட்டு மென்றுகொண்டே வந்தேன்.

டாக்டர் உன்னிடம் சொன்னது அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. எனக்கு இது தெரிந்தது நான்கு மாதம் கழித்து, உன்னை ஸ்ட்ரெச்சரில் வைத்து விமானத்தில் ஏற்றிய அன்று. நடுவில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை வந்தேன். மெலிந்து போயிருக்கிறாயே என்று கேட்க வாய் எடுத்தால் ஜன்னலில் அந்த மூடி தொங்கும். நானே போட்ட விதி, நானே எப்படி மீறுவது என்று பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வந்துவிடுவேன். சென்னையில் பார்த்த டாக்டர், கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றாராம். அவர்கள் எல்லோரிடமும் அதைத்தான் சொல்வார்கள் என்று சுபீர் சொல்கிறான். இருக்கலாம்.

எத்தனை வழி இருந்தது உனக்கு. ஃபெரியில் என் பக்கத்தில் நின்று சொல்லியிருக்கலாம், அது மேஜை இல்லை. ஃபோனில் சொல்லியிருக்கலாம். மெசேஜில் சாமியின் பெயரைப் போட்ட இடத்தில் உன் பெயரைப் போட்டிருக்கலாம். எனக்கு இப்படி வந்திருக்கிறது, பயமாக இருக்கிறது, போகட்டுமா என்று கேட்டிருந்தால் நான் என் லீவு அத்தனையும் போட்டு உன்னை இழுத்துக்கொண்டு போயிருப்பேன். அதை விட்டுவிட்டுக் கிழட்டுத் தோணிக்காரன் வேஷத்தில் வந்து கேட்டாய். வேஷத்தில் வந்து கேட்டால் வேஷத்தில்தானே பதில் வரும். அதுகூடத் தெரியாதவனா நீ? அந்த ஆட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதானே.

பதினாறு முடிந்து இரண்டு நாள் கழித்து உன் அக்காவைப் பார்க்க வந்தேன். இப்போது கடையில் அவள்தான் உட்காருகிறாள். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, யாரும் கேட்காமலே சொன்னாள்:

"டிக்கெட் போட்டு வச்சுருந்தேன் தாயி. கப்பல் டிக்கெட், ரெண்டு பேருக்கும். அந்த ஞாயித்துக்கெழம சாயங்காலம் மாடியிலருந்து எறங்கி வந்து, 'கேன்சல் பண்ணிரு அக்கா, மெதுவாப் போவோம்'ன்டான். ஏன்டான்னு கேட்டா, 'வெளையாட்டுல கேட்டுப் பாத்தேங்க்கா, தேறாதுன்டாக'ன்னு சிரிக்கிறான். வெளையாட்டோ என்னமோ, அவன் வாயில அந்த வார்த்தை வந்துருச்சு. உள்ளுக்குள்ள அவனுக்குத் தெரிஞ்சுருக்கு. எங்க கொண்டுபோயிருந்தாலும் தேறியிருக்க மாட்டான். அத நெனச்சுத்தான் நான் மனசத் தேத்திக்கிறேன்."

யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு ஜெட்டிக்கு நடந்தேன், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கண்ணில் தண்ணீர்கூட வரவில்லை. பல மாதமாக அதை உள்ளே வைத்துக்கொண்டு அலுவலகம் போனேன், மனுக்களுக்குக் குறிப்பு எழுதினேன், மார்க்கெட்டில் மீன் பேரம் பேசினேன்.

சுபீர் ஃபோன் பண்ணிய மறுநாள் என்னால் முடியவில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு மழையோடு ஃபெரி ஏறினேன். அக்கா ஒரு கொத்தனாருக்குக் கதவுக் கீல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் போகும்வரை நின்றேன். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். தேறாது என்று சொன்னது நான்தான், எனக்கு ஒன்றும் தெரியாது, விளையாட்டென்றுதான் சொன்னேன் என்றேன். அவள் முகம் மாறவில்லை. உனக்கு எப்படித் தெரியும் தாயி, நீ என்ன பண்ணுவ என்று என் தோளைத் தொட்டாள். அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். மனசு லேசானதில் வாய் ஓடிவிட்டது. அவன் ஜெயித்துவிட்டான் அக்கா, இருபது விழுந்தது, நான்தான் செல்லாது என்றேன் என்று சொன்னேன்.

"இருபதுன்னா?"

சொன்னேன். இருபது விழுந்தால் நடந்தே தீரும், அது அவன் வைத்த விதி, மலையைக்கூடத் தூக்கலாம் என்று.

அக்கா கல்லாவுக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அப்ப அது போகச் சொல்லியிருக்கு" என்றாள். "எங்கிட்ட இத அவன் சொல்லலையே. தேறாதுன்டாகன்னு மட்டுந்தான சொன்னான்" என்றாள்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மழைக்கு உள்ளே ஒதுங்கின ஒருவர் கயிறு எவ்வளவு என்று கேட்டார். அவள் எழுந்து போய் அளந்து வெட்டிக் கொடுத்துவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "இத நீ எங்கிட்டச் சொல்லாமலே இருந்துருக்கலாம்" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். மனசைத் தேற்றிக்கொள்ள அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதையும் நான் போய் எடுத்துவிட்டேன். அதைச் செய்யவைத்தது நீ. இருபதைச் செல்லாது என்றது என் தப்பு, அது எனக்கு எப்போதும் உண்டு, அதை யாரிடமும் இறக்கிவைக்கப் போவதில்லை. ஆனால் மாடியிலிருந்து பன்னிரண்டு படி இறங்குவதற்குள் இருபதை மறைத்தவன் நீ. முழுசாகச் சொல்லியிருந்தால் அக்கா உன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கப்பலில் தள்ளியிருப்பாள். அது உனக்குத் தெரியும். போகாமல் இருக்க உனக்கு ஒரு வாய் வேண்டியிருந்தது. என்னுடையதை எடுத்துக்கொண்டாய். எந்தச் சாமியையும் நான் சும்மா எழுதினதில்லை, கும்பிடுகிறவனுக்கு என்ன தேவை என்று பார்த்துத்தான் எழுதினேன், அதுவும் நீ சொல்லிக்கொடுத்ததுதான். உன் தேவை என்ன என்று மட்டும் எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டாய்.

உன்னை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற மாதிரி எழுதி முடிக்கலாம் என்று உட்கார்ந்தேன், வரவில்லை. பயந்திருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். ஊசிக்கு, ஆஸ்பத்திரிக்கு, அந்தப் பெரிய ஊருக்கு. அப்படி நினைத்தால் கொஞ்ச நேரம் இளகுகிறது, அப்புறம் மறுபடி கொதிக்கிறது.

நேற்று மத்தியானம் அலுவலகத்தில் இருக்கும்போது அக்காவே ஃபோன் பண்ணினாள். அன்று அப்படிப் பேசியதற்கு வருத்தம் என்பாள் என்று நினைத்து வராந்தாவுக்கு வந்தேன். அவள் அதெல்லாம் சொல்லவில்லை.

"அந்த இருபது எத்தனை தடவைக்கு ஒருக்க விழும் தாயி?" என்று கேட்டாள்.

"இருபது தடவை போட்டா ஒரு தடவை விழும்க்கா."

"அவன் எத்தனை தடவை போட்டான்?"

"ஒரே தடவைதான்க்கா" என்றேன்.

"ஒரே தடவையிலயே அது போகச் சொல்லிருச்சு" என்றாள், ஃபோனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ அரை இஞ்சு ஆணி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். உன்னைத் திட்ட எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை.